எழுப்பக் கூடாத பிள்ளை

“பிள்ளையை எழுப்புங்க.”

இதை அந்த வார்டில் சொல்லக் கூடாது என்று வந்த முதல் நாளே எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மருந்து பாதி நாள் இருக்காது, கரண்ட் நினைத்தால் வரும், டாக்டர்கள் கழிவறைக்குக் கதவே கிடையாது. இதில் ஒன்றையும் சொல்லவில்லை. இதை மட்டும் சொன்னார்கள்.

நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். வார்டில் இருந்த தாய்மார் எல்லார் காதிலும் விழுந்தது.

விழக் கூடாத காதிலும் விழுந்தது.

வத் ஹிலால் என்ற அந்த ஊரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியது மழை தொடங்குவதற்கு முந்தைய புழுக்கத்தில். வாய்க்கால் பாலத்தில் இறக்கி விட்டார்கள். பாலத்துக்குக் கீழே பையன்கள் எருமை மாதிரி ஊறிக்கொண்டிருந்தார்கள். அதே தண்ணீரை ஒரு பெண் குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள். இந்த ஊரில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

என் அப்பா தலைநகரை ஒட்டிய உம்துர்மான் ஓரத்தில் கழுதை வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் விற்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், முதல் டாக்டர் நான். அதனால் யாராவது ‘இங்கே இப்படித்தான்’ என்று சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இப்படித்தான் என்று கேட்டுக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு அந்தக் கழுதைக்குப் புல் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரி பருத்தி நன்றாக விளைந்த காலத்தில் கட்டியது. கனத்த சுவர், எட்டாத உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல். பிள்ளைகள் வார்டு ஒரே நீளக் கூடம். இரண்டு பக்கமும் கயிற்றுக் கட்டில்கள். கூடத்தின் கடைசியில் இரும்பு வளையத்தில் உட்கார்த்திய பெரிய மண்ஜாடி. குடிதண்ணீர் அதில்தான். அடியில் கசிந்து சொட்டும் நீரைப் பிடிக்க ஒரு தகரக் கிண்ணம்.

டொக்.

சற்றுப் பொறுத்து, மறுபடியும் டொக்.

ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு. ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். தாய்மார் தரையில் காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த பெஞ்சு மட்டும் காலியாக இருந்தது.

வார்டுப் பொறுப்பு சிஸ்டர் பத்தூல். கனத்த உடம்பு. வருவதற்கு முன்னாலேயே சந்தனமும் கிராம்பும் கலந்த வாசனை வரும். நர்ஸ் என்பதால் வெள்ளைத் தோப் சுற்றியிருப்பாள், தலையிலிருந்து கால் வரை சேலை மாதிரி சுற்றும் நீளத் துணி. எங்கள் நாட்டில் வேலைக்குப் போகும் பெண்ணும் வெள்ளைத் தோப்தான் சுற்றுவாள், புருஷன் செத்து துக்கம் காக்கிறவளும் வெள்ளைதான். சிஸ்டருக்கு அதிலும் கிண்டல்.

“என் வீட்டுக்காரர் போனப்ப புதுசா ஒண்ணும் வாங்கல. ட்யூட்டித் தோப்பையே கட்டிக்கிட்டு அழுதேன். அவர் இருக்கும்போதும் செலவு வைக்கல, போகும்போதும் வைக்கல.”

சிரித்து முடித்துவிட்டுத்தான் குரலைத் தாழ்த்தினாள். “மகளே, ஒண்ணே ஒண்ணு. தூங்குற பிள்ளைய எழுப்பச் சொல்லாதே. இந்த வார்டுல மட்டும் வேணாம்.”

ஏன் என்று கேட்டேன். டீயை உறிஞ்சினாள். பெரிய டாக்டர் ஷிஹாபிடம் போய்க் கேட்டேன். ஊரோடு ஒத்துப் போ, உன்னைப் போல எத்தனையோ பேரை இந்த வார்டு பார்த்துவிட்டது என்று சிரித்தார்.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. வாந்தியும் பேதியுமாக வரும் பிள்ளையின் உடம்பில் எவ்வளவு தண்ணீர் வற்றியிருக்கிறது என்று கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டாம், கண்ணும் விரலும் போதும். கண் குழிந்திருக்கிறதா? அழுதால் கண்ணீர் வருகிறதா? தண்ணீரைக் காட்டினால் பறித்துக் குடிக்கிறதா? வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே படிகிறதா, அப்படியே நிற்கிறதா? கத்துகிற பிள்ளைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. கோப்பையைப் பிடுங்குகிற பிள்ளைக்கு அவகாசம் இருக்கிறது. பயப்பட வேண்டியது சத்தம் போடாத பிள்ளைக்காகத்தான். அது தூங்குகிறதா, உயிர் வற்றி மயங்கிக் கிடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. எழுப்ப வேண்டும்.

இரண்டாம் நாள் ஒரு பெண் குழந்தை செத்தது.

அதன் தாய் அன்று காலை முழுக்க வரிசையில் தன் இடத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொண்டே இருந்தாள். அது எங்கள் மரியாதை. உன்னோடது கத்துது, நீ முதல்ல போ. என்னோடது சமத்தா தூங்குறா. முறை வந்து நான் துணியை விலக்கியபோது சமத்து சில்லிட்டிருந்தது.

சிஸ்டர் பத்தூலை மருந்து அறைக்குள் இழுத்துப் போய்க் கத்தினேன். அந்தக் குழந்தை அவள் கண்ணெதிரே மணிக்கணக்காகக் கிடந்தது, ஒரு தட்டு தட்டி எழுப்பிப் பார்க்க அவளுக்குக் கை இல்லையா என்று கேட்டேன். திருப்பிக் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சொன்னாள்.

பெரிய வெள்ளம் வந்த வருஷம். ஊரே பேதியில் கிடந்தது. வார்டில் நிற்க இடமில்லை. ஒரு பெண் கைப்பிள்ளையோடு வந்து ஜாடி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். புருஷன் வெள்ளத்தில் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. வெள்ளைத் தோப் சுற்றியிருந்தாள். அந்த நெரிசலில் எல்லாரும் அவளை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். நர்ஸ் யாரோ ஒருத்தியின் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாள் என்று தாண்டித் தாண்டிப் போனார்கள். தாய்மார்கள் அவளிடமே வந்து தண்ணீர் மொண்டு தரச் சொன்னார்கள். அவளும் மொண்டு கொடுத்தாள். துக்கம் காக்கிறவள், குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லை. பிள்ளையை யாராவது பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள். சாயங்காலம் ஒரு டாக்டர் போகிற போக்கில் பிள்ளையை எழுப்பச் சொன்னார்.

எழுப்பினாள்.

எழவில்லை.

“பொம்பள கத்துவான்னு எல்லாரும் பயந்துட்டாங்க. புருஷன் போன துக்கமே தீரல. அதனால, தூங்குறான்மா, தூங்கட்டும், உக்காருன்னு சொல்லிட்டாங்க. அவ நம்பிட்டா. உக்காந்துட்டா.” சிஸ்டர் தோப் முந்தியால் முகத்தைத் துடைத்தாள். “ராத்திரி ஆளக் காணோம். விடிஞ்சப்ப வாய்க்கால்ல கெடந்தா, பிள்ளைய கட்டிக்கிட்டே. அதுக்கப்புறம் யாராச்சும் இங்க எழுப்புன்னு சொன்னா, தன்னத்தான் சொல்றாங்கன்னு எழுந்து வருவா.”

இது நல்ல கதை, ஆனால் இந்தக் கதையால்தான் இன்றைக்கு ஒரு குழந்தை செத்தது என்றேன்.

மறுநாள் மத்தியானம் புழுதிப் புயல் வந்தது.

முதலில் குருவிச் சத்தம் நின்றது. தெற்கே வானம் வரை எழும்பிய செம்பழுப்புச் சுவர் ஒன்று வயல்களைத் தின்றுகொண்டே வந்தது. ஜன்னல்களைச் சாத்திக் கந்தல் துணியால் இடுக்குகளை அடைத்தோம். கரண்ட் போயிற்று. வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் போனது. பட்டப்பகலில் என் கை எனக்குத் தெரியவில்லை. வாய்க்குள் மண். மூக்குக்குள் மண். கூரைத் தகரத்தை யாரோ பிறாண்டுவது போலக் காற்று.

அந்த இரைச்சலிலும் ஜாடி கேட்டது.

டொக்.

கடைசிக் கட்டிலில் ஜிப்ரீல் இருந்தான். இன்னும் நடை பழகாத பையன். பருத்திக் கூலிகள் குடியிருக்கும் கம்போவிலிருந்து அவன் தாய் ஹவ்வா காலையில் முதுகில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கம்போ ஆட்கள் ஆஸ்பத்திரியில் குரல் உயர்த்த மாட்டார்கள். உயர்த்தினால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஹவ்வா அவனுக்கு முன்னால் மூன்று பிள்ளைகளை, வாராவாரம் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போவது போல, ஒன்றன்பின் ஒன்றாகப் புதைத்தவள். காலையில் பார்த்தபோது பையனுக்குக் கண் குழிந்திருந்தது, ஆனால் கோப்பையைப் பிடுங்கிக் குடித்தான். நல்ல அடையாளம். உப்புக்கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொல்லி, நான் வந்து பார்க்கிறேன் என்றேன்.

போக முடியவில்லை. வாசல் பக்கம் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. ஒற்றை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அதோடு போராடிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கியபோது கூடத்தின் கடைசியில் வெள்ளையாக ஓர் உருவம் தெரிந்தது. புழுதிக்குள் தோப் மட்டும் மங்கலாக மிதந்தது.

“சிஸ்டர், கடைசிக் கட்டில் பிள்ளையக் கொஞ்சம் பாருங்க” என்று கத்தினேன்.

வெள்ளைத் தலை அசைந்தது. கட்டில் பக்கம் குனிந்தது.

நான் நிம்மதியாக என் வேலைக்குத் திரும்பினேன்.

வலிப்பு அடங்கி, குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டேன். அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. காற்றோடு சேர்ந்து சிஸ்டர் பத்தூல் உள்ளே விழுந்தாள். சலைன் பாட்டில்களைத் தோப்புக்குள் கட்டி அணைத்திருந்தாள். முகமெல்லாம் மண்.

“மருந்துக் கடையிலேயே மாட்டிக்கிட்டேன். காத்துல கதவு தள்ளவே முடியல.”

நான் அவளைப் பார்த்தேன்.

கூடத்தின் கடைசியைப் பார்த்தேன்.

ஓடினேன்.

ஹவ்வா முதுகை நிமிர்த்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கரைசல் கோப்பை பக்கத்தில் நிறைந்தபடி, மேலே புழுதி படிந்து கிடந்தது. ஜிப்ரீல் கண் பாதி திறந்தபடி படுத்திருந்தான்.

“நர்ஸம்மா வந்தாங்க” என்று கிசுகிசுத்தாள். “தூங்கட்டும், தண்ணி வேணாம்னாங்க. டாக்டர் மத்த பிள்ளைங்கள பாக்கட்டும்னாங்க. ரொம்ப நல்லவங்க, டாக்டரம்மா. கை மட்டும் சில்லுனு இருந்துச்சு.”

சட்டையை விலக்கி டார்ச்சை அடித்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் தோல் மடிந்து நின்றது.

நான் கிள்ளவில்லை.

யாரோ கிள்ளிவிட்டுப் போன மடிப்பு. இன்னும் பிடித்துக்கொண்டே இருப்பது போல, படியாமல் நின்றது.

அப்போதுதான் சொன்னேன். கோபத்தில் சொன்னேன், தெரிந்தே சொன்னேன்.

“பிள்ளையை எழுப்புங்க.”

கூடம் முழுக்கத் துணிகள் சரசரத்தன. தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் தோப்புக்குள் இழுத்து மூடிக்கொண்டார்கள். யாரோ ஓத ஆரம்பித்தார்கள். ஹவ்வா மட்டும் என் சொல்லுக்குப் பணிந்து மகனின் கன்னத்தைத் தட்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளங்காலைச் சுண்டினாள்.

ஜிப்ரீல் விழிக்கவில்லை. விழியின் ஓரம் ஒரு தரம் துடித்தது. அவ்வளவுதான். அது போதும் எனக்கு. டார்ச்சைக் கட்டிலில் வைத்துவிட்டு, அவன் கையில் பட்டியை இறுக்கிக் கட்டி, ஊசி ஏற்ற நரம்பைத் தேடத் தொடங்கினேன்.

ஜாடி சொட்டுவது நின்றுவிட்டது.

பெஞ்சு முனகியது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் மரம் விடுமே, அந்த முனகல்.

எங்கள் பெண்கள் யார் பக்கத்தில் வந்தாலும் சந்தனமோ, புகைபோட்ட துணியோ, குறைந்தது எண்ணெயோ மணக்கும். துக்கம் காக்கிறவள் மட்டும் எதையும் பூச மாட்டாள். என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதற்கு வாசனையே இல்லை. வாய்க்கால் வற்றினால் அடியில் வெடிக்கும் மண்ணின் நெடி மட்டும்.

திரும்பவில்லை நான். என் கண் முன்னால் ஒரு கை நீண்டது. மருதாணி இல்லாத கை. அதில் முரட்டு வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். அதை ஜிப்ரீலுக்குப் பக்கத்தில், அதே கட்டிலில், மெதுவாகப் படுக்க வைத்தது.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தது.

ஊசி விரலுக்கு நடுவில் நின்றது. கையை அசைக்க முடியவில்லை. பிடி இறுக்கமாகக்கூட இல்லை. வரிசையில் நிற்கிறவள், டாக்டர் தன்னைத் தாண்டிப் போய்விடக் கூடாதே என்று பிடிக்கிற பிடி.

ஜிப்ரீலின் மூச்சு விட்டு விட்டு வந்தது.

“மகளே.” கட்டில் காலடியில் சிஸ்டர் பத்தூல். பாட்டில்களை இன்னும் அணைத்துப் பிடித்திருந்தாள். “தூங்குறான்னு சொல்லிடு. சொன்னா போயிடுவா. நான் எப்பவும் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன். சொல்லு மகளே.”

எப்பவும்.

எத்தனை வருஷமாக அந்தப் பெண்ணுக்கு ஒரே பொய்யைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவளும் நம்பிப் போய் உட்கார்ந்திருக்கிறாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று அவள் யாரிடம் கற்றுக்கொண்டாள்? எங்களிடம்தான். கற்றதைத்தான் ஹவ்வாவிடம் சொன்னாள்.

பயம் எனக்கும் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

விடுபட்டிருந்த கையால் அந்தப் பொட்டலத்தின் துணியை விலக்கினேன். டார்ச்சை அதன் பக்கம் திருப்பவில்லை, முறைப்படி விரலால் பார்த்தேன். தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில் கிள்ளினேன். விட்டேன். விரலுக்கு அடியில் இருந்ததைத் தோல் என்று சொல்ல மாட்டேன். மடிப்பு நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

“உன் பிள்ளை தூங்கல” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “செத்துட்டான். அன்னிக்கே செத்துட்டான். உன்ன நர்ஸுன்னு நெனச்சு யாரும் உன் மடியப் பாக்கல. உன்னத்தான் முதல்ல கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல. அப்புறம் பொய்யும் சொன்னாங்க.” மூச்சு வாங்கியது. “இவன் இன்னும் சாகல. என் கைய விடு.”

சிஸ்டர் பத்தூல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காற்று நின்றது. கூரைத் தகரத்தின் சத்தம் நின்றது. அந்த அமைதியில், என் காதுக்கு ஒரு விரற்கடை தள்ளி, தண்ணீரே காணாத தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையாக அது தொடங்கியிருக்க வேண்டும். அழுவதற்கு ஈரம் வேண்டுமே.

பிடி தளர்ந்தது. போகும்போது இரண்டு விரல்கள் என் மணிக்கட்டுத் தோலைக் கிள்ளின. பதமாக, அளந்து கிள்ளின. பிள்ளையைச் சோதிக்கிற மாதிரி.

விட்டன.

டார்ச் தானாக அணைந்தது. இருட்டில், விரல்நுனி நம்பிக்கையில் ஊசியைச் செலுத்தினேன். சிஸ்டர் தீக்குச்சி உரசினாள். குழாயின் முனையில் ஒரு பொட்டு இரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் பேசாமல் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள்; கை கடுத்தபோதும் இறக்கவில்லை.

கட்டிலில் ஜிப்ரீல் மட்டும் இருந்தான்.

ஜன்னல்கள் மறுபடி சிவந்து, மஞ்சளானபோது அவன் வயிற்று மடிப்பு மெதுவாக, மனமில்லாமல் படிந்தது. பிறகு அழுதான். கண்ணீர் இல்லாத அழுகை. இரண்டாவது பாட்டில் இறங்கிய பிறகு இன்னொரு தரம் அழுதான். ஹவ்வா அவன் கன்னத்தை விரலால் தொட்டு, அந்த விரலை என்னிடம் நீட்டினாள். நுனி ஈரமாக இருந்தது.

“வருது, டாக்டரம்மா” என்றாள். முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினாள்.

ஜாடி சொட்டத் தொடங்கியது.

மறுநாள் காலை டாக்டர் ஷிஹாப் கூப்பிட்டார். வார்டு கிட்டத்தட்டக் காலி. தாய்மார் ராத்திரியே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வேப்பமரங்களுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்கள். சிஸ்டர் பத்தூல் சுவரோரம் நின்றாள். பெரிய டாக்டர் எனக்கு டீ ஊற்றினார். அப்போதே எனக்குப் புரிந்தது.

தலைநகரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஓர் இடம் இருக்கிறதாம். என் வீட்டுப் பக்கம். அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். பெரிய டாக்டருடைய ஜீப் இன்றைக்கே அங்கே போகிறது. நான் செய்ய வேண்டியதெல்லாம் முற்றத்துக்குப் போய், பயந்திருக்கும் ஜனங்களிடம் நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, எந்தப் பிள்ளையையும் எழுப்பவில்லை என்று ஒரு வார்த்தை சொல்வது.

“ஒரு சின்னப் பொய்தான், டாக்டர் ரிஹாப். நல்லதுக்குச் சொல்றது.”

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் தொண்டையைக் கனைத்தாள்.

“விடியக்காலையில முற்றத்தச் சுத்தி வந்தது நீயா, மகளே?”

இல்லை என்றேன். குவார்ட்டர்ஸில் தாழ்ப்பாள் போட்டுப் படுத்திருந்தேன்.

“நானும் இல்ல. வீட்டுல இருந்தேன்.” அவள் பெரிய டாக்டரைப் பார்க்காமல் பேசினாள். “வெள்ளைத் தோப் கட்டின நர்ஸம்மா வந்தாங்கன்னு தாய்க்காரிங்க சொல்றாங்க. ஒவ்வொரு பிள்ளையா வயித்தக் கிள்ளி, எழுப்பிப் பாத்துட்டுப் போனாங்களாம். ஒரு பிள்ள மட்டும் எழுந்திருக்கலையாம். தாய்க்காரிய உலுக்கி, இவனத் தூக்கிட்டு ஓடு, வரிசையில நிக்காதன்னாங்களாம். ஓடி வந்தா. இப்ப ட்ரிப்ஸ் ஏறுது. பொழைச்சுக்குவான்.”

டாக்டர் ஷிஹாப் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பார்த்தேன். நேற்று மாலையிலிருந்து ஜாடித் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்திருக்கிறேன். அந்த மடிப்பு, சின்னக் கூடாரம் மாதிரி, இன்னும் அப்படியே நின்றது.

வலி இல்லை. சில்லென்றிருந்தது. அவ்வளவுதான்.

சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு எழுந்தேன். ஆறிப் போன டீயைத் தொடாமல் வெளியே வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்கதவு எனக்காகத் திறந்திருந்தது. எதிர்ப்பக்கம் வேப்பமரங்கள். அங்கே ஒரு பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தன.

கடைசி மரத்தடியில் ஒன்று மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளையாக யாரோ குனிந்திருந்தார்கள், என்னை எதிர்பார்த்து.

ஜீப்பை விட்டுவிட்டு அந்த மரத்தடிக்கு நடந்தேன்.